கதவுக்குக் கொடுத்த சாவகாசம்

“கதவு எங்கேன்னு கேட்டேன்.”

“வந்துக்கிட்டிருக்குன்னு சொல்றேனே அக்கா—”

“வந்துக்கிட்டிருக்குன்னா? எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கு?”

“முதல்ல இந்தத் தரையைப் பாருங்க. ஈரக் காலோட நடந்தாலும் வழுக்கவே—”

“தரை வழுக்காது, சரி. தரையைப் பேர்த்து வாசல்ல நிறுத்த முடியுமா? என் தம்பி நாளைக்கு வரான். உள்ளே போய் உட்கார்ந்தான்னா கூடத்துல இருக்கிறவங்க எல்லாம் அவனுக்கு வணக்கம் சொல்லலாம் போலிருக்கே!”

“கூடத்துல யார் இருக்கப் போறாங்க? நானும் அவரும்தானே—”

“அப்போ நான் யாரு?”

அந்தக் கேள்விக்குத் திட்டக்காரியிடம் இருந்த பதில்களில் ஒன்றுகூடக் குடும்பத்துக்கு ஆகாது.

மாடிப்படிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை இப்போது குளியலறை ஆகியிருந்தது. மேலே தூங்குகிற அறை, அதை ஒட்டிக் குளிக்கிற அறை என்று இத்தனை வருஷம் ஓடிய குடும்பம். வீட்டுக்காரர் அந்தப் படியிலேயே சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, மருத்துவமனையில் புது மூட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தார். இனி சில மாசம் படி ஏறக் கூடாது. அதற்காகத்தான் கீழே இந்த ஏற்பாடு. உயரமான இருக்கை இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்து எழுந்திருக்கக் கம்பி இருந்தது. வாக்கரோடு நுழைய அகலமான நிலை இருந்தது. அந்த நிலைக்கு நடுவில்தான் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள், கதவுக்குப் பதிலாக.

நாத்தனார் தையல்கடை வைத்திருந்தவள். கடையை மூடிவிட்டாள், கத்தரிக்கோலை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

“சட்டையைத் தைச்சுட்டு கழுத்து வெட்ட மறந்த மாதிரி இருக்கு. நீ என்ன வேலை பாக்கறேன்னு சொன்னே? எல்லாம் எப்போ முடியும்னு சொல்ற வேலைதானே?”

“ஆமா அக்கா.”

“சம்பளம் குடுக்கறாங்களா?”

திட்டக்காரி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கட்டட நிறுவனத்தில் அவள் கடப்பாரை பிடிப்பதில்லை, கலவை போடுவதில்லை. எந்த வேலைக்குப் பின்னால் எந்த வேலை, எதற்கு எத்தனை நாள், மொத்தமும் எப்போது முடியும் என்று கோடு இழுத்துச் சொல்வாள். வேலைகளைச் சரம் சரமாகக் கோத்தால், எந்தச் சரம் மிக நீளமோ அதுதான் முடிகிற நாளைத் தீர்மானிக்கும். அதில் ஒரு நாள் பிசகினால் முடிவும் ஒரு நாள் பிசகும். மற்றச் சரங்களில் கொஞ்சம் ஆறப்போடலாம். அந்த ஆறப்போடும் வசதிக்கு அலுவலகத்தில் ஃப்ளோட் என்று பெயர். வீட்டில் அவள் அதைச் சாவகாசம் என்பாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் வகுப்பு எடுப்பாள்.

“ரெண்டு பேர் ஒரே பஸ்ல போகணும். ஒருத்தருக்குச் சுத்து வழி, இன்னொருத்தருக்குக் குறுக்கு வழி. சுத்து வழிக்காரர் வந்து சேர்ந்தாதான் பஸ் கிளம்பும். அதுவரைக்கும் குறுக்கு வழிக்காரர் உட்கார்ந்து டீ குடிக்கலாம். அந்த டீதான் ஃப்ளோட். அவருக்கு நடு வழியில செருப்பு அறுந்து மெதுவா நடந்தார்னா?”

“டீ நேரம் குறையும் மேடம்.”

“ரொம்ப மெதுவா நடந்தார்னா?”

“அவருக்காக பஸ் நிக்கும்.”

“சரி, சுத்து வழிக்காரருக்கு ஒரு சைக்கிள் கிடைச்சுது. சீக்கிரமா வந்துட்டார். இப்போ?”

இந்த இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவள் ஒரு சுற்று எல்லாரையும் பார்த்துவிட்டுச் சொல்வாள்: “குறுக்கு வழிக்காரருக்கு டீ கிடையாது. பாவம், அவர் ஒண்ணும் பண்ணல. அதே நடைதான் நடந்தார். ஆனாலும் கிடையாது.”

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானைக்குள் துள்ளி விழுவதற்கு முன்னால் இப்படித்தான் சிரித்திருக்கும்.

வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அன்றைக்கே அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரிய தாள் ஒட்டிக் கோடுகளை இழுத்துவிட்டாள். தரை உடைப்பது, குழாய் பதிப்பது, நீர் கசியாமல் பூச்சு, தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்ப்பது, டைல்ஸ், இருக்கை, கம்பி. இது நீளச் சரம், சிவப்பு. கதவு தனிச் சரம், பச்சை. அளவு எடுக்க வேண்டும், நிறம் சொல்ல வேண்டும், கடைக்காரர் செய்ய வேண்டும், கொண்டுவந்து மாட்ட வேண்டும். அவ்வளவுதான். சிவப்பு முடிகிற நாளைப் பார்த்தால் கதவுக்குப் பத்து நாள் சாவகாசம்.

அலுவலகத்தில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: எந்த ஆளுக்கும் அவனுக்கு எவ்வளவு சாவகாசம் இருக்கிறதென்று சொல்லக் கூடாது. சொன்னால் தின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடுவான். ஆகவே கொத்தனாரிடம் சொல்லவில்லை, குழாய்க்காரரிடம் சொல்லவில்லை. கதவு வேலையை மட்டும் வீட்டிலேயே பொறுப்பான, நம்பகமான ஒரு பெண்மணியிடம் ஒப்படைத்தாள். அந்தப் பெண்மணிக்குப் பத்து நாள் இருப்பது தெரிந்துவிட்டது. வேறு வழியில்லை, இருவருக்கும் ஒரே தலை.

கதவுக் கடைக்காரர் மாதிரித் துண்டுகள் கொடுத்தார். வெள்ளையிலேயே ஒரு கைப்பிடி வெள்ளை. அவள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெயிலில் பார்த்தாள், விளக்கு போட்டுப் பார்த்தாள், டைல்ஸ் துண்டை அருகில் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் கூப்பிட்டார்.

“அம்மா, கலர் சொன்னா வேலையை ஆரம்பிச்சுடலாம்.”

“சொல்றேங்க. பால் வெள்ளையா, சிப்பி வெள்ளையான்னு ஒரு குழப்பம்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணா இருந்தா எதுக்கு ரெண்டு துண்டு குடுத்தீங்க?”

இவள் வெற்றிக் களிப்போடு மேலும் யோசிக்கப் போனாள்.

இதற்கு நடுவில்தான் மருத்துவமனையிலிருந்து பயிற்சி கொடுக்கிற பெண் பேசினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“உங்க வீட்டுக்காரர் பிரமாதமா நடக்கறார்! வராந்தா முழுக்க நடந்துட்டார். டாக்டர் ஆறு நாள் முன்னாலேயே வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார்.”

“ஐயோ, ஆறு நாளா?”

“என்ன மேடம்?”

“இல்லம்மா, ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க.”

புருஷன் சீக்கிரம் நடந்துவிட்டார் என்று தலையில் கை வைத்த பெண்டாட்டி உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று போனை வைத்த பிறகு அவளுக்குத் தோன்றியது. தோன்றினாலும் கை தலையிலேயே இருந்தது.

காரணம் இருந்தது. நாத்தனார் முன்பே சொல்லியிருந்தாள்: “கீழே குளிக்க இடம் தயார் ஆகலேன்னா தம்பியை நேரா எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.” அவள் ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். ஒரு தடவை அங்கே போய்ப் படுத்தால், பயிற்சி முடிகிற வரைக்கும் அசைக்கக் கூடாது. இரண்டு மாசம். திட்டக்காரியால் வேலையை விட்டு அங்கே போய் உட்கார முடியாது. இரண்டு மாசம் எதிர் நாற்காலியில் ஆள் இல்லாமல் தனியாகச் சாப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் எதிர் நாற்காலிக்குத் தாளில் கோடு போட முடியாது. ஆகவே கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

“ஆறு நாள் குறைக்கணும்.”

“எதுலேர்ந்தும்மா?”

“எல்லாத்துலேர்ந்தும். இன்னொரு ஜோடி ஆள் போடுங்க. பூச்சுக்கு சீக்கிரம் காயற மருந்து இருக்காமே, அதை வாங்குங்க.”

“அதைப் போட்டா டைல்ஸ் பக்கத்துல கொஞ்ச நாளைக்கு ஆணி கீணி அடிக்கக் கூடாது, சம்மதமா?”

“யார் ஆணி அடிக்கப் போறாங்க? நீங்க வேலையைப் பாருங்க.”

ஆறு நாள் குறைந்தது. சிவப்புச் சரம் சொன்னபடி சுருங்கியது. அவள் தாளில் சிவப்புக் கோடுகளை அழித்து அழித்துக் குட்டையாக்கினாள், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள், மருத்துவமனைக்குப் போய் வீட்டுக்காரரிடம் பெருமையும் அடித்துக்கொண்டாள்.

“ஆறு நாளைச் சுளையா எடுத்துட்டேங்க.”

“அப்போ டீ?” என்றார் அவர். அவர் நூலகர். அதிகம் பேசாதவர், பேசினாலும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். பஸ் கதையை அவள் வாயாலேயே எத்தனையோ தடவை கேட்டவர்.

“டீ வேணுமா? நர்ஸை கூப்பிடட்டுமா?”

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார்.

வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தாள். சிவப்பு குட்டையாக இருந்தது. பச்சைக்குப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதிய பத்து அப்படியே பத்தாக இருந்தது. அவள் அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு, சிப்பி வெள்ளையை ஒதுக்கிவிட்டு, கடைக்காரர் புதிதாகத் தந்த இன்னொரு வெள்ளையை எடுத்து வெயிலில் வைத்தாள்.

கடைசியில் ஒரு காலையில் கடைக்குப் போய் ராஜகுமாரி மாதிரிச் சொன்னாள்: “பால் வெள்ளை.”

“நல்லதும்மா. அளவு?”

அவள் அளவைச் சொன்னாள். கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இவ்வளவு அகலமா?”

“வாக்கர் நுழையணுமில்ல?”

“இது நம்மகிட்ட இருக்கிற பலகையில வராதும்மா. கிடங்குலேர்ந்து பெரிய பலகை வரணும். இன்னும் மூணு நாள் கூட ஆகும்.”

“ஆகட்டுமே, நமக்குப் பத்து நாள் சாவகா—”

பாதி வார்த்தையில் அவள் நிறுத்திக்கொண்டாள். வாய் திறந்தபடியே இருந்தது.

பத்து எங்கே இருக்கிறது? சுத்து வழிக்காரருக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது யார்? அவளேதான். ஆறு நாள் அங்கே குறைந்தபோதே இங்கேயும் ஆறு நாள் போய்விட்டது. பத்து நாலு ஆனது. அந்த நாலையும் வெள்ளையில் வெள்ளை தேடித் தின்றாயிற்று. இப்போது கதவு செய்யவே மூன்று நாள் கூடுதல். பச்சைச் சரம்தான் வீட்டிலேயே நீளமான சரம். கொத்தனார் இரண்டு ஜோடி ஆளோடு வியர்த்துக் கொட்டிச் சரியாக முடிக்கப் போகிறார். ஒட்டுமொத்த வேலையையும் பிடித்துக்கொண்டு நடுவழியில் நிற்கிற ஆள் யாரென்று பார்த்தால், பொறுப்பான, நம்பகமான அந்தப் பெண்மணி.

“என்னம்மா ஆச்சு?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணுமில்லீங்க. பஸ் நிக்குது.”

“எந்த பஸ்?”

“விடுங்க. நாள் குறைக்க முடியுமா? ஆள் கூடப் போடுங்களேன்.”

“ஆள் போடலாம்மா. பலகை வரணுமே. பசை காயணுமே. பசைகிட்ட ஆள் போட்டுச் சொல்ல முடியுமா?”

சிப்பி வெள்ளை மட்டும் உடனே கிடைக்குமா என்று ஒரு நப்பாசையில் கேட்டாள். “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்றார் அவர் மறுபடியும், வருத்தத்தோடு.

இதைத்தான் இப்போது திட்டக்காரி நாத்தனாரிடம் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நிலைக்குள் நின்றபடியே நாத்தனார் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும் அவளுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று.

“ஆக, கலர் பாத்துக்கிட்டிருந்தே.”

“அது வந்து அக்கா, திட்டத்துல—”

“என் தம்பி எலும்பு ஒட்டக் காத்துக்கிட்டிருந்தான். நீ வெள்ளை பாத்துக்கிட்டிருந்தே.”

“ஆமா அக்கா.”

ஆமா என்று சொன்னது நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு ஒரு பிடி வேண்டும், இவள் வழுக்காத தரையைப் போட்டுவிட்டுத் தானே வழுக்குகிறாளே என்று அவள் முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

“அவன் கூச்சக்காரன். ஆஸ்பத்திரியிலேயே நர்ஸை வராந்தா கடைசி வரைக்கும் போகச் சொல்றவன். கதவு இல்லாத இடத்துல அடியெடுத்து வைப்பானா? நாளைக்கு வண்டி சொல்லிட்டேன். நேரா ஸ்டேஷன்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் அக்கா.”

“கேளு. நீயே கேளு. கதவு ஏன் இல்லேன்னு காரணத்தையும் நீயே சொல்லு.”

மறுநாள் மருத்துவமனை அறையில் நூலகர் சட்டை மாற்றிக்கொண்டு, வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அக்கா. இன்னொரு பக்கம் பெண்டாட்டி. வாசலில் நாத்தனார் சொன்ன வண்டி, அதற்குப் பின்னால் திட்டக்காரி சொன்ன வண்டி.

“என்னங்க, எல்லாம் தயார். கதவு மட்டும் இல்ல.”

“ஏன்?”

“கொத்தனார் மேல தப்பில்ல. கடைக்காரர் மேல தப்பில்ல. அவங்களையெல்லாம் நான் விரட்டின விரட்டுல என் நாள் குறைஞ்சது எனக்குத் தெரியல. பத்துன்னு எழுதினது பத்தாவே இருக்கும்னு நெனச்சேன். இருபது வருஷமா வகுப்பு எடுக்கறேங்க, என் வகுப்புல நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்ல போலிருக்கு.”

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. வலியோ என்று அவள் பதறிக் கிட்டே போனாள். அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நூலகத்தில் பழகிய சிரிப்பு.

“அன்னிக்கே டீ பத்திக் கேட்டேனே.”

“நிஜமாவே டீ கேக்கறீங்கன்னு நெனச்சேன்!”

“சிரிப்பெல்லாம் அப்புறம்,” என்றாள் நாத்தனார். “தம்பி, எங்க வீட்டுல கதவு இருக்கு. ரெண்டு தாழ்ப்பாள். கிளம்பு.”

“எப்போ வருமாம் கதவு?” என்று அவர் பெண்டாட்டியைக் கேட்டார்.

“மூணு நாள்ல. இல்ல, இனிமே நான் நாள் சொல்லல. வர்றப்போ வரும்.”

“வராமலேயே இருந்தா?”

“நான் குளியலறை வாசல்ல முதுகைக் காட்டி நிப்பேன். வேலைக்கு லீவு போட்டிருக்கேன்.”

“இவன் எப்படி வருவான்?” என்று நாத்தனார் இடைமறித்தாள். “இவனுக்கு நிழல் பட்டாலே கூச்சம். சொல்லுடா, போவியா நீ, கதவில்லாத இடத்துக்கு?”

அவர் வாக்கரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எத்தனையோ கட்டடங்களுக்கு இன்ன தேதி என்று அடித்துச் சொன்னவளுக்கு, இந்த மனுஷன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தை எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தெரியவில்லை.

“அக்கா,” என்றார் அவர், வழக்கமான கிசுகிசுப்பில். “உன் வீட்டுல கதவு இருக்கு. ஆனா நீ வெளியே நின்னு, ‘என்னடா பண்றே, இன்னுமா, விழுந்துட்டியா’ன்னு தட்டிக்கிட்டே இருப்பே. இங்கே கதவு இல்ல. ஆனா இவ திரும்பி நின்னா திரும்பித்தான் நிப்பா. நான் எங்க வீட்டுக்கே போறேன்.”

நாத்தனார் திகைத்துப் போனாள். “நான் தட்டுவேனா?”

“சின்ன வயசுலேர்ந்து தட்டறே.”

வீடு வந்து சேர்ந்து, கூடத்துக் கட்டிலில் அவரை உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த வேளை வந்தது. பெரிய போர்வையை நிலையில் மாட்டிவிடலாம் என்று திட்டக்காரி சுத்தியலும் ஆணியுமாக வந்தாள். கடைசிச் சாமான்களை எடுக்க வந்திருந்த கொத்தனார் பாய்ந்து வந்து கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

“ஆணி அடிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா! மருந்து போட்ட சுவர். டைல்ஸ் விட்டுடும்.”

“அப்போ போர்வையை எதுல மாட்டறது?”

“கையிலதாம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் கரண்டிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நிலை அகலம். வாக்கர் நுழைய வேண்டுமே என்று அவளே நின்று அளந்து அகலமாக்கிய நிலை. ஒரு ஆளால் போர்வையின் இரண்டு முனையையும் பிடிக்க முடியவில்லை. இடது கையை நீட்டினால் வலது பக்கம் திறந்துகொண்டது. வலது கையை நீட்டினால் இடது பக்கம். உள்ளே நூலகர் வாக்கரைத் தட்டித் தட்டி இருக்கைவரை போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாத்தனார் கொஞ்ச நேரம் இந்த வித்தையைப் பார்த்தாள். பிறகு பின்னாலேயே வந்திருந்த தன் வண்டிக்காரனிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, வலது முனையை வாங்கிக்கொண்டாள். துணியை இழுத்துப் பிடிக்கிற விதத்திலேயே தொழில் தெரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு பேரும் குளியலறைக்கு முதுகைக் காட்டி, கூடத்தைப் பார்த்து, கையைப் பின்னால் வளைத்துக்கொண்டு நின்றார்கள்.

“கை வலிக்குதா அக்கா?”

“பேசாதே. அவனுக்குக் கூச்சம்.”

“இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

“நீ நேரம் சொல்லாதே.”

திட்டக்காரி சரி என்று தலையாட்டினாள். வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். எதிர் நாற்காலிக்கு ஆள் உண்டு. போர்வையின் இடது முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவ்வளவு மோசமான வேலையாகத் தோன்றவில்லை. கதவு வரும்வரை இதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதுமட்டும் மனசின் ஓரத்தில் ஒரு குட்டிக் கோடாக ஓடியது. அந்த இரண்டாவது ஆள் யார் என்று அவள் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கவும் பயமாக இருந்தது.

வாசலில் வண்டிக்காரன் எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் முனையை விடாமல் கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள்.

“பெட்டியை மாடி ரூம்ல வைப்பா,” என்றவள், பிறகு இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “கதவு வர்ற வரைக்கும்தான் இருக்கேன், அதனால நீ ஒண்ணும் அவசரப்பட வேண்டாம், அந்தக் கலர் எனக்குப் பிடிக்கலேன்னா மாத்திக்கலாமில்ல?”